சிக்னல் கிடைக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் தன் அறை ஜன்னல் கம்பிகளில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிய கையில் ஃபோனைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் தேய்த்த நுரை இன்னும் வாயோரத்தில் காயவில்லை.

அவளுடைய ஃபோனை முந்தின நாள்தான் என் சுத்தியலால் மூன்றே அடியில் தூளாக்கியிருந்தேன். இது பக்கத்து வீட்டுத் தோழி கம்பி வழியாகக் கொடுத்தது.

பின்னலைப் பிடித்து இழுத்தேன். ஃபோன் சந்தில் விழுந்தது. "மாமா, அது என் ஃபோனு!" என்று வெளியே ஒரு குரல் அலறியது.

மகள் என் மணிக்கட்டைக் கடித்தாள். நான் அறைந்தேன். அறைந்த வேகத்தில் அவள் தலை அலமாரியில் போய் மோதியது.

"ஏங்க, பிள்ளையக் கொன்னுடாதீங்க!" என்று மனைவி ஓடிவந்து நடுவில் விழுந்தாள்.

"டாக்டர் சொன்னதக் கேட்டல்ல? ராத்திரி அந்த வெளிச்சத்தப் பாத்தா தூக்கம் கெடும், தலைவலி வரும்னு? இவ கண்ணப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு!"

டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் அவளுக்குத் தலைவலி, குமட்டல். பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஃபோனுக்குத் தடை. எனக்கு வேறு சாட்சி எதற்கு?

"தலை எனக்குத்தானே வலிக்குது, உனக்கா வலிக்குது?" என்றாள் மகள், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "ஃபோன் பாக்கறப்போ வலி கொறையுதுப்பா. சத்தியமா."

"குடிச்சா கை நடுக்கம் நிக்குதுன்னு குடிகாரனும்தான் சொல்றான்!"

எனக்குத் தச்சு வேலை. பட்டறையிலிருந்து கனமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்து அழுத்தினேன். மனைவிக்கும் அது சரியென்றே பட்டது.

"ஒரு விதத்துல நல்லதுதான். ஹீட்டரப் போட்டுட்டு, இந்தக் குளிர்ல ஜன்னலையும் பப்பரப்பான்னு தொறந்து வச்சிருப்பா. தெருவுக்குச் சூடேத்தவா நாம கேஸ் வாங்கறோம்?"

"ஒரு விரல் இடமாவது விடுப்பா," என்று மகள் கெஞ்சினாள்.

வாயில் கவ்வியிருந்த ஆணிகளுக்கு நடுவே சொன்னேன். "உங்கப்பன் வேலைடீ. காத்துகூடப் புகாது."

பதினாறு ஆணிகள் அடித்தேன். ஓரமெல்லாம் ரப்பர் பட்டை வைத்தேன். மகளை அறைந்த கை உறுத்தியதோ என்னவோ, குளிருமே என்று மூலையிலிருந்த கேஸ் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்தேன்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அறிவியல் நோட்டின் மேல் தலைவைத்துக் கிடந்தாள். கன்னங்கள் இரண்டும் ரோஜாப்பூவாகச் சிவந்திருந்தன. போர்வையைப் போர்த்திவிட்டு, மனைவியைக் கையசைத்துக் கூப்பிட்டேன்.

"பாத்தியா? ஒரே நாள்ல தூக்கம் தானா வந்துடுச்சு. மூஞ்சியில என்ன களை பாரு!"

"எழுப்பாதீங்க, பாவம்," என்று அவள் கிசுகிசுத்தாள். சத்தம் வராமல் கதவைச் சாத்தினோம்.

ஆறு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது மகள் எழுந்திருக்கவில்லை.

காவல் நிலையத்தில் நானே போய் நின்றேன். "நான்தான் அடிச்சேன். தலை அலமாரியில மோதுச்சு. என்ன வேணா பண்ணுங்க," என்று மணிக்கட்டுகளைச் சேர்த்து நீட்டினேன். ஒன்றில் அவள் பல் பதிந்த தடம் இன்னும் ஆறாமல் இருந்தது.

மூன்றாம் நாள் போலீஸ் அதிகாரி என்னை வீட்டுக்கு அழைத்துவந்தார். கூடவே கேஸ் இணைப்புகளைச் சோதிக்கும் ஒருவரும் வந்தார். அவர் ஹீட்டரின் புகைக்குழாயைக் கழற்றித் தரையில் தட்டினார். கரியும் சருகும், காய்ந்துபோன ஒரு பறவைக் கூடும் கொட்டின.

"உங்க அடியால இல்ல," என்றார் அதிகாரி, என் தோளில் கைவைத்து. "குழாய் அடைச்சு, புகை ரூமுக்குள்ளயே தங்கியிருக்கு. அதுல ஒரு விஷவாயு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ரெண்டு மாசமா தலைவலி, குமட்டல்னு சொன்னீங்களே, அதுவும் இதான்."

ஒரு கணம் என் நெஞ்சு லேசானது. அந்த ஒரு கணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

சோதிக்க வந்தவர் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு புரியல சார். இது ரெண்டு மாசமா அடைச்சுக் கெடக்குது. இத்தனை நாள் அந்தப் பொண்ணு எப்படித் தாங்குச்சு?"



அவர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல ஃபோனை எடுத்தார். காதில் வைத்துப் பார்த்தார், தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார், அறையில் மூலைக்கு மூலை நடந்து பார்த்தார். "என்னங்க, இங்க சிக்னலே வரல?"

என் மனைவி, நிலைப்படியில் சாய்ந்தபடி, பதினாறு ஆணிகளையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த ஜன்னலத் தொறந்தாத்தான் கிடைக்கும்."