அவளுடைய ஜெபக் குறிப்பு

"கிளாஸ்ல யாரெல்லாம்டி ஃப்ரெண்டு ஆனாங்க?" என்று நேற்று போனில் அக்கா கேட்டாள்.

"எல்லாருமே நல்லாப் பேசுறாங்கக்கா."

"அப்புறம் ஏன் குரல் கம்முது?"

"ஜலதோஷம்க்கா."

அக்காவிடம் சொன்ன பொய் இன்னும் மனதில் உறுத்த, அவள் பல்கலைக்கழகத்தின் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆங்கில இலக்கிய முதலாண்டு மாணவர்கள் பதினான்கு பேரும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் கூடும், போதகர் நடத்தும் வெள்ளிக்கிழமை ஜெபம். வண்ணக் கண்ணாடி வழியே வரும் காலை வெயில் எதிரே இருக்கும் வகுப்புத் தோழன் நெட்டையனின் காதைச் சிவப்பாக்கி, அவள் மடியிலுள்ள நாடகப் புத்தகத்தின்மேல் நீலமாக விழுகிறது. மூன்று மாதமாக வகுப்பில் மற்றவர்கள் மளமளவென்று ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அவள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. மதியச் சாப்பாடும் நூலகப் படிக்கட்டில் தனியாகத்தான். இப்போது ஒவ்வொருவராக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்கிறார்கள். "எனக்கு அட்டெண்டன்ஸ் குறையுது ஐயா," என்கிறான் நெட்டையன். "அதுக்குக் கர்த்தர் வர வேண்டாம்பா, நீ வந்தாப் போதும்," என்கிறார் போதகர். சிரிப்பு கூரைவரை போய்த் திரும்புகிறது. அடுத்தது அவள் முறை. எல்லா வெள்ளியும் "ஒண்ணுமில்ல ஐயா" என்று முடித்துக்கொள்வாள். பழக்கத்தில் போதகரின் தலை பக்கத்து நாற்காலிக்குப் பாதி திரும்பிவிட்டது. "இருக்கு ஐயா," என்கிறாள். விரல்கள் புத்தக முனையை மடக்கி மடக்கி நிமிர்த்துகின்றன. சிலுவையைப் பார்க்காமல், வட்டத்திலுள்ள முகங்களைப் பார்க்கிறாள்.

"மத்தியானம் சாப்பிடும்போது... என்னையும் உங்ககூடச் சேர்த்துக்கிறீங்களா?"