ஆரஞ்சு மிதவை

மூன்றாவது சுற்றை முடித்துத் திரும்பும்போது ஜெர்லின் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒரு மணி நாற்பத்து மூன்று நிமிடம்.

இன்னொரு முறை பார்த்தாள். அதேதான்.

இந்த வேகத்தில் போனால் இரண்டு மணி பதினேழில் கரை. மூன்று நிமிடம் மிச்சம்.

பிப்ரவரிக் காலை. அனுமந்தைக் கடலில் அலையே இல்லை. கரைக்கு முந்நூறு மீட்டர் தள்ளி, கரைக்கு இணையாகப் போய் வந்தால் ஒரு சுற்று. நான்கு சுற்று முடித்தால் மூன்று புள்ளி எட்டு கிலோமீட்டர்.

ஒவ்வொரு முறை மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதும் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் மேல், மஞ்சள் சட்டையில், அவளுடைய ஒன்பது வயது மகள் பிரின்சி. கழுத்தில் ஸ்டாப் வாட்ச்.

இன்றைக்கு அவள்தான் நடுவர்.

நவம்பரில் போட்டி. நீச்சல் முடிந்ததும் நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் முழு மாரத்தான், எல்லாம் ஒரே நாளில். நீச்சலை இரண்டு மணி இருபது நிமிடத்துக்குள் முடிக்காதவர்கள் சைக்கிளைத் தொட முடியாது. ஜெர்லின் இதுவரை இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டாள். முதல் முறை இரண்டு முப்பத்தொன்று. அடுத்தது இரண்டு இருபத்தாறு.

உப்புக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மாதத்தில் பன்னிரண்டு நாள் குஜராத். ஊரில் இருக்கும் நாட்களில் விடியுமுன் ஈ.சி.ஆரில் சைக்கிள், சாயங்காலம் மரக்காணம் உப்பளத்துக் கரைகளில் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை கடல்.

போன வாரம் குஜராத்தின் புஜ் நகர ஹோட்டலிலிருந்து வீடியோ காலில் மகளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தாள். ஞாயிறு காலை நீதான் நேரம் பிடிக்க வேண்டும். நேரத்துக்குள் வந்தால் அம்மா போட்டிக்குப் பெயர் கொடுப்பேன். தவறினால் சைக்கிளை விற்றுவிட்டு எல்லா ஞாயிறும் உனக்கே.

ஒரு செகண்ட் லேட்டானாலுமா என்று பிரின்சி கேட்டாள். ஒரு செகண்ட் லேட்டானாலும் என்றாள் ஜெர்லின்.

கடைசிச் சுற்றில் பாதி. தோள் எரிந்தது. ஆனாலும் கை தானாகப் போய்த் தண்ணீரைப் பிடித்தது. இப்படி ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததே இல்லை. தண்ணீருக்குள்ளேயே சிரித்தாள்.

இடுப்பை யாரோ பின்னால் இழுத்தார்கள்.

நீந்துகிறவர் இருக்கும் இடம் தெரிவதற்காக இடுப்புக் கயிற்றில் கட்டி இழுத்து வரும் ஆரஞ்சு மிதவை. அது இப்போது ஒரு படகுக்குள் இருந்தது. படகில் அவளுடைய பெரியப்பா மகன் சகாயநாதன்.

"அட, நீயா? வல மிதவன்னு நெனச்சிட்டேன்மா. போன வாரந்தான் எவனோ வலய அறுத்துட்டுப் போயிட்டான்."

விடுண்ணா என்று கத்தினாள். அவர் விடத்தான் பார்த்தார். கயிறு படகின் கொக்கியில் மாட்டியிருந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தார், இன்னொன்று விழுந்தது. குஜராத்தில் இப்போது குளிரா என்று விசாரித்தார். ஃப்ளாஸ்கில் டீ இருக்கிறது, ஒரு வாய் குடிக்கிறாயா என்றார்.

கயிறு விடுபட்டபோது ஆறு நிமிடம் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் நேரம் பார்க்கவில்லை. அடித்து நீந்தினாள். கால் மணலைத் தொட்டதும் எழுந்து ஓடினாள். கரையேறி மணிக்கட்டைத் திருப்பினாள்.

இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம்.

மணலில் அப்படியே உட்கார்ந்தாள்.

பிரின்சி படகிலிருந்து குதித்து ஓடி வந்தாள். ஸ்டாப் வாட்சை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு, பதினேழு, முப்பத்தைந்து.

"மாமா உன்னப் புடிச்சி வெச்சிருந்தாருல்ல, அப்போ நிறுத்திட்டேன். நீ நீந்த ஆரம்பிச்சப்புறம்தான் திரும்ப ஆன் பண்ணேன்."

ஜெர்லின் துள்ளி எழுந்தாள். மகளை அள்ளித் தூக்கிச் சுற்றினாள். இருவரும் போட்ட கூச்சலில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே இறங்கியதும் பிரின்சி பையைத் திறந்து அம்மாவின் ஃபோனை எடுத்தாள். போட்டிக்குப் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். கயிறு சிக்கியிருந்த நேரத்தில்தான் எல்லாம் நிரப்பினாளாம், அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் சகாயநாதன் படகைக் கரையில் ஏற்றிவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார்.

"ஏம்மா பிரின்சி, அம்மா லேட்டாவணும்னு நீ சொன்ன மாதிரியே அஞ்சி நிமிஷத்துக்கு மேல புடிச்சி வெச்சிருந்தேன். அப்புறமும் ஏன் ஒங்கம்மா இந்தக் குதி குதிக்குது?"

பிரின்சி அவர் பக்கம் திரும்பவேயில்லை. அம்மாவின் ஈர விரலைப் பிடித்துத் திரையின் மேல் வைத்து அழுத்தினாள்.