டோபிக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

புதிதாகக் குடிவந்த க்வென், கையில் கேக்குடன் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். சமையலறை மேஜை முழுக்கச் சாலை வரைபடம் விரிந்து கிடந்தது.

"மொன்டானா எல்லை தாண்டினதும் தங்கிடலாம் லோர்னா. காலையில மலை ஏறலாம்," என்றார் எவரெட்.

"சரி. ஆனா முதல்ல அந்தப் பைன் மரத்துக்குப் போகணும்."

"உங்களுக்கென்ன! வருஷா வருஷம் காரை எடுத்துட்டு அந்த மலைப் பூங்காவுக்குக் கிளம்பிடுவீங்களாமே," என்று சிரித்த க்வென், மேஜையோரம் இருந்த புது பூட்ஸைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"எங்க பையன் டோபிக்கு," என்றாள் லோர்னா. "போன வருஷத்து ஜோடி, விரல் முட்டி முன்னாடி கிழிஞ்சிடுச்சு. அதான் ஒரு சைஸ் பெருசா வாங்கினேன்."

"அவனைக் கூப்பிடுங்க, போட்டுப் பாக்கட்டும்."

எவரெட் பேனாவை மூடி வைத்தார். "ஆறு வயசுல அந்த மலையில காணாமப் போனவன்மா. இன்னும் கிடைக்கல."

க்வென் கேக்கை மேஜையில் வைத்தாள். லோர்னாவின் கையைப் பற்றிக்கொண்டாள். "அவன் நினைவா அங்க கொண்டுபோய் வைக்கிறீங்களா?"

"அப்படித்தான் ஆரம்பிச்சோம். அந்த மரத்தடியில வருஷத்துக்கு ஒரு ஜோடி புதுசா வைப்போம். அடுத்த வருஷம் போனா, அதே ஜோடி அதே இடத்துல இருக்கும். அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுவோம்."

லோர்னா எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். சிறியதும் பெரியதுமாக வரிசையாய் பூட்ஸ்கள். எல்லாவற்றிலும் சேறு அப்பியிருந்தது. அடிப்பாகம் நடந்து நடந்து தேய்ந்திருந்தது.