மாதிரிக்கு ஒரு பக்கம்

விளையாட்டுக் கழகத்துப் பிளாஸ்டிக் கதிரைகள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து வாசலில் இறங்கின. யாரும் போய்க் கேட்கவில்லை, தாமாகவே வந்தன. அறை யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த வேலாப்போடிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போன தேர்தலுக்குக் கதிரை கேட்டு நடையாய் நடந்தபோது "எல்லாம் உடைஞ்சு போச்சு அண்ணை" என்று கைவிரித்த அதே கழகம்!

"பாத்தியா, வெப்சைட் வேலை செய்யுது!" என்று கண்ணாடியில் தெரிந்த தன்னிடமே சொன்னார். மனைவி சிவகாமிப்பிள்ளை விடிந்ததும் பாலையூற்றிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு யாரிடம் சொல்வது?

துறைமுகப் படகுக்காரர் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தலைவர் தேர்தல். இரண்டு தரம் அலியாரிடம் தோற்றவர் வேலாப்போடி. இந்த முறையும் மண் கவ்வினால் இறங்குதுறைப் பக்கம் தலைகாட்டவே முடியாது.

அதனால்தான், சொன்னால் இணையத்தளம் கட்டித் தருமாமே, அந்த ஏஐயிடம் போனார். "திருகோணமலையில பேர்போன படகுக்காரன், சேவையாளன். எனக்கு ஒரு வெப்சைட் செய்து தா" என்று எழுதினார். அது வெள்ளைக்காரன் ஒருவனைப் பாய்க்கப்பலில் ஏற்றிப் பல் இளிக்க வைத்தது. வேலாப்போடிக்கு வந்ததே கோபம்! "நான் எந்தக் காலத்திலயடா அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போனனான்?" என்று கணினியை ஏசினார்.

பிறகுதான், எழுதுகிற பெட்டியின் ஓரத்தில் கிடந்த கிளிப் அடையாளம் கண்ணில் பட்டது. அதை அமத்தினால் படமும் கோப்பும் சேர்த்து அனுப்பலாமாம். சொல்லி விளங்காத பிறவிக்குக் காட்டித்தானே விளங்கப்படுத்த வேண்டும்!

முதலில், சங்கத்துப் பாராட்டு விழாவில் பெரிய மாலையோடு எடுத்த படத்தைச் சேர்த்தார். அடுத்தது, தன் சேவைகளைக் கூச்சநாச்சம் இல்லாமல் தானே எழுதிய கோப்பு. கடைசியாக, மாதிரிக்கு ஒரு படம். முருகுப்பிள்ளை மாஸ்டருக்குக் கனடாவிலிருக்கும் பிள்ளைகள் போட்ட பக்கம் அது. என்ன கம்பீரம்! சட்டத்துக்குள் முகம், இரண்டு பக்கமும் விளக்கு, கீழே சனம் நல்லதாக நாலு சொல் எழுத இடம். "இதே மாதிரி வேணும். ஒண்டும் குறையக்கூடாது" என்று எழுதி அனுப்பினார்.

ஏஐ சொல்வழி கேட்கிற பிள்ளை. ஒன்றையும் குறைக்கவில்லை. விளக்குச் சுடரைக் கொஞ்சம் ஆடவும் விட்டிருந்தது.

காலையில் அதைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எங்கள் சனம் உள்ளே போய் வாசிக்கிற சனமா? வெளியில் தெரிந்த படத்தைப் பார்த்த உடனேயே பதில் போடத் தொடங்கிவிட்டது. "நம்பவே ஏலாமக் கிடக்கு அண்ணை." "உங்களைப்போல ஒரு மனுசனை இனி எங்க காணப்போறம்?" போன முறை அவரைக் கண்டாலே காறித் துப்பிய இன்ஷாப் கூட "தங்கமான மனுசன்" என்று எழுதியிருந்தான். வாசித்து ஆசை அடங்குமுன் போனில் சார்ஜ் போய்விட்டது. சனியன்! அதைக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்து வந்து பார்த்தபோதுதான் இந்தக் கதிரைகளும் சனமும். உடனே வெளியில் போக வேலாப்போடி என்ன விசரனா? தலைவராகப் போகிற மனுசன் சனம் முழுக்கச் சேர்ந்த பிறகல்லவா தோன்றவேண்டும்! பவுடரை இன்னொரு தரம் அப்பிக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் அலியார். வேலாப்போடியின் கையிலிருந்த பவுடர் டப்பா அப்படியே நின்றுவிட்டது. எதிராளியே வீடு தேடி வந்துவிட்டானே!

அலியார் முற்றத்து நடுவில் நின்று தொண்டையைச் செருமினார். "போடியாரைப் பத்தி நான் கண்டபடி கதைச்சனான். இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா என்ர எஞ்சின் நடுக்கடலில நிண்டபோது கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது ஆர்? அவர்தான். தேர்தலுக்காக நான் அதை வெளியில விடேல்ல."

"ஓம், ஓம்" என்றது கூட்டம்.

"அவரை ரெண்டு தரம் தோக்கடிச்சதை நினைக்க நெஞ்சு எரியுது. சங்கத்தில கதைச்சு முடிவெடுத்திட்டம். ஞாயிற்றுக்கிழமை போட்டி இல்லை."

போட்டி இல்லை! வேலாப்போடிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுசனையா இத்தனை நாளும் வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. வெளியில் போனதும் முதல் வேலையாக அலியாரைக் கட்டிப்பிடிக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. வேட்டியை இறுக்கிக்கொண்டு கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஓட்டோ ஒன்று படலையடியில் வந்து நின்றது. மரக்கறிப் பையோடு இறங்கிய சிவகாமிப்பிள்ளை முற்றத்தைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்ன இது? ஆர் இந்தக் கதிரையெல்லாம் போட்டது?"

அலியார் ஓடிப்போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். குரல் தழுதழுக்க, மெதுவாகக் கேட்டார்:

"பிரேதம் ஆஸ்பத்திரியால எத்தினை மணிக்கு வருது, தங்கச்சி?"