நாற்பத்திரண்டாவது குழந்தை

ஒவ்வொரு அக்டோபரிலும் அமெரிக்காவில் அவர்கள் வசிக்கும் ஃப்ரீமான்ட் குடியிருப்புச் சங்கத்திலிருந்து மெயிலில் ஒரு பட்டியல் வரும். ஹாலோவீன் இரவில் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக வரும் குழந்தைகளுக்கு மிட்டாய் வாங்க வசதியாக, எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று அதில் இருக்கும். போன வருடம் மொத்தம் நாற்பத்தொன்று. ஜம்புநாதன் நாற்பத்தொரு சாக்லெட்டை எண்ணிக் கிண்ணத்தில் போட்டார்.

“ரெண்டு எக்ஸ்ட்ரா வெச்சாத்தான் என்ன?” என்றாள் அவர் மனைவி நாகலக்ஷ்மி.

“டேட்டா இருக்கும்போது எதுக்கு வேஸ்ட் பண்ணணும்?”

அன்று இரவு ஏழே முக்காலுக்குக் கிண்ணம் காலியானது. உடனே மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெள்ளைத் துணி போர்த்திய ஒரு குழந்தை, கையில் வாளியோடு நின்றது. சட்டென்று வாசல் விளக்கை அணைத்தார். விளக்கில்லாத வீட்டில் மணி அடிக்கக் கூடாது என்று இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். இருவரும் இருட்டில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயதில் ஒரு குழந்தைக்குப் பயந்து ஒளிந்திருப்பது அவருக்கே கூசியது. எழுந்து கதவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திரும்பிப் போகும் காலடிச் சத்தமும் கேட்கவில்லை.

அதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வருடப் பட்டியல் நேற்று வந்தது. குடியிருப்புக்குப் புதிதாக யாரும் வரவில்லை, யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் மொத்தம் நாற்பத்திரண்டு. ஜம்புநாதன் தன் வீட்டு எண்ணைத் தேடினார். பதினெட்டு வருடங்களாகச் சைபர் இருந்த இடத்தில் ஒன்று என்றிருந்தது.

“தப்பாப் போட்டிருக்காங்க. மெயில் பண்ணி மாத்தச் சொல்றேன்.”

நாகலக்ஷ்மி சாக்லெட் கிண்ணத்தை எடுத்துத் துடைத்தாள்.

“வேணாம்,” என்றாள். “மறுபடியும் அந்தக் குழந்தைய வெளியில நிக்க வெக்காதீங்க.”