கடலுக்குப் போகும் இலை

ஒரு கணினிக்குள் ஒரு பாறையும் அதை ஒட்டி ஓர் ஆறும் இருந்தன. ஆறு என்றால், அசையாத ஒரு தட்டைப் பரப்புதான். தில்லைக்கரசி என்ற ஓவியர் தண்ணீரை வரைந்து அதன்மேல் ஒட்டி, படத்தை மட்டும் ஓடவிட்டிருந்தார். ஒரு முனையில் மறையும் படம் மறுமுனையில் திரும்பவும் முளைக்கும்.

அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் இலை இருந்தது. பாறையைத் தாண்டும்போதெல்லாம், “அண்ணே, கடல் இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கும்.

“அடுத்த வளைவுதான், தம்பி.”

“வழியில பார்த்த பாறைங்க எல்லாருமே உங்களை மாதிரி நல்லவங்கண்ணே!” என்று இலை சந்தோஷமாகப் போகும்.

அந்தச் சந்தோஷம் பாறையை உறுத்தியது. ஒருநாள் மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டது: “அத்தனை பாறையும் நான் ஒருத்தன்தான். கடலே கிடையாது. நீ சுத்திச் சுத்தி இங்கேயேதான் வர்றே.”

இந்த முறை இலை சந்தோஷமாகப் போகவில்லை.

பாறைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலை மறுபடி வந்தபோது குரலை மாற்றிக்கொண்டு, “யாரு தம்பி, இந்தப் பக்கம் புதுசா? எங்கே பயணம்?” என்றது.

“கடலுக்குண்ணே. வழியில ஒரு பாறை, கடலே கிடையாதுன்னாரு. பாவம், நின்ன இடத்துலேயே நிக்கிறவருக்கு என்ன தெரியும்?”

“அதானே,” என்றது பாறை. “அடுத்த வளைவுதான், தம்பி.”