இன்னாசியின் உளறல்

"ஏளா, இன்னைக்குச் செவ்வாதானே?" என்று கேட்டார் இன்னாசி.

"வெள்ளி. ஆஸ்பத்திரியில வந்து மானத்தை வாங்காதேயும்" என்றாள் மனைவி தெக்லா.

"நேத்து சாளைக் குழம்புதானே வச்ச?"

"விளமீனு! மண்டையில ஒண்ணுமே நிக்காதா உமக்கு?"

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தலையில் விழுந்து ஒரு வருடம் ஆகிறது. இப்படி அடிபட்டால் பிற்காலத்தில் மறதி நோய் வரலாம் என்று டாக்டர் அன்றே எச்சரித்திருந்தார். கொலஸ்ட்ராலும் கூடுதல் என்பதால், "இது மறதியையும் தடுக்கலாம், உறுதியில்லை" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்று ஞாபகப் பரிசோதனை.

"கொழுப்பு மாத்திரை மூளையைக் காப்பாத்துமாக்கும்! எல்லாம் ஏமாத்து" என்று முணுமுணுத்தார் இன்னாசி.

டாக்டர் இருவரையும் உள்ளே அழைத்தார். இன்னாசியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அன்று ஐஸ் பெட்டி விழுந்து அடிபட்டிருந்த தெக்லாவிடம் கேள்விகளைத் தொடங்கினார். கிழமை, தேதி, நேற்றைய குழம்பு என எதிலும் அவள் தடுமாறவில்லை.

"பிரமாதம்மா! ஞாபகம் கொஞ்சமும் பிசகலை."

"எனக்கென்ன டாக்டர்? இவரைப் பாருங்க. ஒரு வருசமா தினமும் உளறுதாரு."

இன்னாசி நெஞ்சை நிமிர்த்தினார்.

"நேராக் கேட்டா, 'என்னையே சோதிக்கீரா'ன்னு சண்டைக்கு வருவ. தப்பாச் சொன்னாத்தானே ஓடி வந்து திருத்துவ? வேணும்னுதாம்ளா உளறுனேன்!"